பாதிப் பாடலை யாரிடம் பகிர்வது?

ஒரு காலத்தில் பாடலொன்றைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஒலிப்பதிவுக் கூடம் தேவைப்பட்டது. அதற்கு வாடகைப் பணமும், வாத்தியக் கலைஞர்களும், ஒலிப்பொறியாளரும் தேவைப்பட்டனர். இன்று ஒரு திறன்பேசியும் இலவசச் செயலியும் இருந்தால் போதும். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் தம் அறையில் அமர்ந்தே மெட்டமைத்து, பாடி, தாளம் சேர்த்துப் பாடலை உருவாக்கிவிடுகிறார். பள்ளிக் கலைவிழாவுக்காகத் தொடங்கும் இத்தகைய முயற்சி, சிலருக்கு வாழ்நாள் விருப்பமாகவும் வளர்கிறது.

ஆனால், எந்தப் பாடலும் ஒரே மூச்சில் முடிந்துவிடுவதில்லை. பல்லவி அமைந்திருக்கும், சரணம் அமைந்திருக்காது. மெட்டு நன்றாக இருக்கும். சொற்கள் அதனோடு ஒட்டாமல் நிற்கும். உருவாக்கியவருக்கோ அதே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காது பழகிப்போயிருக்கும். எது நயம், எது குறை என்று அவரால் பிரித்தறிய இயலாது. அந்த நேரத்தில் வேறொருவரின் செவி தேவைப்படுகிறது. பாதி நிலையில் உள்ள பாடலை யாரிடம், எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

இத்தடுமாற்றத்தின் விளைவாகச் சிலர், யாரேனும் திருடிவிடுவார்கள் என்று அஞ்சிப் பாடலை எவரிடமும் காட்டாமல் பூட்டி வைக்கின்றனர். வேறு சிலர் சற்றும் எண்ணாமல், நாற்பது ஐம்பது பேர் உள்ள புலனக் குழுவில் அதை அனுப்பிவிடுகின்றனர். முதல் வழியில் பாடல் வளர்வதில்லை. இரண்டாம் வழியில் பாடல் கைவிட்டுப் போகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. முழுமைபெறாத பாடலைப் பகிரத்தான் வேண்டும். ஆனால், சிலரிடம் மட்டும், தெளிவான கேள்வியோடும் தெளிவான எல்லையோடும் பகிர வேண்டும். அந்த எல்லையைக் காக்கும் பொறுப்பு, பாடலை உருவாக்கியவரைவிட அதைக் கேட்பவருக்கே அதிகம்.

பிறர் செவி ஏன் தேவை?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி ஒருநாள் உறக்கத்திலிருந்து விழித்தபோது, ஒரு மெட்டு அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது மிக இயல்பாக அமைந்திருந்தது. அதனாலேயே அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. வேறு யாருடைய பாடலையோ தாம் அறியாமல் நினைவுகூர்கிறோமோ என்று அவர் எண்ணினார். எனவே, ஏறத்தாழ ஒரு மாதக் காலம் இசைத்துறையைச் சேர்ந்தவர்களிடம் அந்த மெட்டை இசைத்துக் காட்டி, அதை முன்பு எங்கேனும் கேட்டிருக்கிறார்களா என்று விசாரித்தார். அப்போது பாடலுக்கு உரிய சொற்கள்கூட அமையவில்லை. முட்டை உணவைப் பற்றிய வேடிக்கையான சொற்களை இட்டே அவர் அதைப் பாடி வந்தார். எவரும் அதைத் தமக்குத் தெரிந்த பாடல் என்று கூறவில்லை. 1965ஆம் ஆண்டில் ‘யெஸ்டர்டே’ என்ற பெயரில் வெளிவந்த அப்பாடல், உலகில் மிக அதிகமான கலைஞர்களால் மீண்டும் பாடப்பட்ட பாடல்களுள் ஒன்றாயிற்று.

இந்நிகழ்வில் மூன்று செய்திகளைக் கவனிக்கலாம். மெக்கார்ட்னி பாதிப் பாடலைக் காட்ட வெட்கப்படவில்லை. அவர் தேர்ந்தெடுத்த செவிகள் இசை அறிந்தவர்களின் செவிகள். அவரிடம் குறிப்பான ஒரு கேள்வி இருந்தது. இம்மூன்றும் சேர்ந்ததால்தான் அவருக்குப் பயனுள்ள விடை கிடைத்தது.

தமிழ்த் திரையிசையிலும் முழுமைபெறாத பாடலைப் பகிர்வது அன்றாட வழக்கமாகும். இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். அதாவது, பொருளுள்ள சொற்களுக்குப் பதிலாக ‘தன்னா’, ‘தானா’ போன்ற ஒலிகளை இட்டுப் பாடுவார். பாடலாசிரியர் அந்த மெட்டைக் கேட்டு, அதன் நீளத்திற்கும் உணர்ச்சிக்கும் ஏற்பச் சொற்களை அமைப்பார். சொல்லில்லாத பாடல் ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்கு இவ்வாறு நம்பிக்கையோடு மாறிச் செல்லாவிட்டால், தமிழர் விரும்பிக் கேட்கும் பல பாடல்கள் பிறந்தே இருக்கமாட்டா.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், தமிழர் மரபிலேயே இதற்கு வேர் இருப்பது தெரியவரும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அரங்கேறியது என்றும், அதங்கோட்டாசான் என்னும் அறிஞர் அதைக் குறையறக் கேட்டார் என்றும் அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. ஒரு படைப்பு ஊரார் கைக்குப் போகும் முன்பு, தேர்ந்த ஒருவரின் செவியைக் கடந்தாக வேண்டும் என்ற எண்ணம் இதில் அடங்கியுள்ளது. கருத்துக் கேட்பதைச் சிறுமையாகக் கருதாத மரபு அது.

எனவே, பாடலைப் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று கருதுவது தவறு. இளங்கலைஞர் பலருக்கு ஏற்படும் இழப்பு, பாடல் திருடு போவதால் வருவதைவிட, அது மெருகு பெறாமலே மறக்கப்படுவதால்தான் அதிகமாக வருகிறது.

அச்சத்திற்கும் காரணம் உண்டு

ஆனாலும், அஞ்சுபவர்களைக் குறை கூறிவிட முடியாது. புகழ்பெற்ற கலைஞர்களுக்கே இத்துறையில் கசப்பான அனுபவங்கள் நேர்ந்துள்ளன.

2000ஆம் ஆண்டில், மெட்டாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழு ஒரு திரைப்படத்திற்காக ‘ஐ டிஸப்பியர்’ என்ற பாடலை உருவாக்கிக்கொண்டிருந்தது. பாடல் வெளியாகும் முன்பே அதன் முடிவுபெறாத பதிவு வானொலி நிலையங்களில் ஒலிக்கத் தொடங்கியது. ‘நாப்ஸ்டர்’ என்ற இணையச் சேவையின்வழி அது பரவியிருந்தது. குழுவினர் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்து 35 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தனர். மறு ஆண்டே நாப்ஸ்டரின் இலவசச் சேவை நின்றுபோனது. ஆனால், கேட்டவர்களின் காதிலிருந்து அந்த அரைகுறைப் பதிவை எவராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, இரசிகர்கள் பலர் குழுவின்மீதே சினம் கொண்டனர்.

2014ஆம் ஆண்டின் இறுதியில் பாடகி மடோனாவுக்கு இதே நிலை ஏற்பட்டது. மறு ஆண்டு வெளிவரவிருந்த அவருடைய இசைத்தொகுப்பின் மாதிரிப் பதிவுகள் இணையத்தில் கசிந்தன. வேறு வழியின்றி, முடிந்திருந்த ஆறு பாடல்களை அவர் அந்த டிசம்பர் மாதத்திலேயே அவசரமாக வெளியிட்டார். அவருடைய கணினிக் கோப்புகளுக்குள் ஊடுருவியவர் இஸ்ரேலில் கைது செய்யப்பட்டு, 2015இல் 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றவாளி பிடிபட்டார், ஆயினும், தம் பாடல்களை எந்த நாளில், எந்த வடிவில் உலகம் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மடோனாவின் கையைவிட்டு ஏற்கெனவே போய்விட்டது.

2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு வேறு விதமாக நடந்துகொண்டது. 1990களில் பதிவு செய்து வைத்திருந்த பயிற்சிப் பதிவுகளும் முழுமைபெறாத பாடல்களும் திருடப்பட்டன. அவற்றை வெளியிடாமலிருக்க 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கேட்கப்பட்டதாகக் குழுவினர் தெரிவித்தனர். அவர்கள் பணம் கொடுக்க மறுத்து, ஏறத்தாழ 18 மணி நேரம் ஓடும் அப்பதிவுகளைத் தாங்களே 18 பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்து, வருமானத்தைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்கு வழங்கினர். துணிவான முடிவுதான். ஆனால், பெயர் பெற்ற குழுவால் மட்டுமே அதைச் செய்ய முடியும். பெயர் தெரியாத மாணவர் ஒருவரின் பாடல் வேறொருவரின் பெயரில் பரவினால், உண்மையான உரிமையாளர் அவரே என்று சொல்ல எத்தனை பேர் முன்வருவர்?

பள்ளிச் சூழலில் நடக்கும் தவறான பயன்பாடு பெரும்பாலும் பணத்திற்காக நடப்பதன்று. ஒருவர் அனுப்பிய மெட்டை நண்பர் தம் டிக் டாக் காணொலியில் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்தலாம். குரல் தடுமாறிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கேலிக்காகப் பரப்பலாம். செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவிட்ட இக்காலத்தில், ஒருவரின் குரலைப் பயன்படுத்தி அவர் பாடாத பாடலையும் பாடியதுபோல் உருவாக்கலாம். 2023ஆம் ஆண்டில், டிரேக், தி வீக்கெண்ட் ஆகிய இரு பாடகர்களின் குரல்களைப் போலவே செயற்கையாக உருவாக்கப்பட்ட பாடல் ஒன்று இணையத்தில் வேகமாகப் பரவி, பிறகு நீக்கப்பட்டது. விளையாட்டாகச் செய்ததாக ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், அந்த விளையாட்டுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட மாணவர் மீண்டும் ஒலிவாங்கியின் முன் நிற்கத் துணிவாரா என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்குக் காக்கும்?

மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புகளைப் பாதுகாக்கிறது. இப்பாதுகாப்பைப் பெற எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சொந்த முயற்சியால் உருவான படைப்பு, எழுத்திலோ ஒலிப்பதிவிலோ நிலையான வடிவம் பெற்றுவிட்டால், பதிப்புரிமை தானாகவே உண்டாகிறது. பாடல் முடிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திறன்பேசியில் பதிவான பாதிப் பாடலுக்கும் உரிமை உண்டு.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் பாடமொன்று கிடைக்கிறது. பதிவு செய்யப்படாமல், வாய்மொழியாக முணுமுணுத்துக் காட்டிய மெட்டுக்கு அத்தகைய நிலையான வடிவம் இல்லை. ஆகவே, நண்பருக்குப் பாடிக் காட்டும் முன்பு திறன்பேசியில் ஒருமுறை பதிவு செய்து வைப்பது அறிவுடைமை.

சட்டம் காப்பது கருத்தை அன்று. அக்கருத்து பெற்ற வடிவத்தையே. மழையைப் பற்றியோ நட்பைப் பற்றியோ யார் வேண்டுமானாலும் பாடல் எழுதலாம். ஒருவர் அமைத்த குறிப்பிட்ட மெட்டையும் சொற்களையும் எடுத்துக்கொள்வதுதான் தவறாகும். மேலும், பாடல் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவை தனித்தனிப் படைப்புகளாகக் கருதப்படுகின்றன. வரிகளை ஒருவரும் மெட்டை இன்னொருவரும் அமைத்திருந்தால், பாடலைப் பிறருக்கு அனுப்பும் முன்பு இருவரும் இசைய வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த பின்னணித் தாளத்தைப் பயன்படுத்துபவர், அதை உருவாக்கியவரின் அனுமதியையும் பார்த்தாக வேண்டும். தம் பாடலைப் பிறர் எடுக்கக்கூடாது என்று எண்ணுபவர், பிறருடைய இசையையும் கேட்காமல் எடுக்கக்கூடாது.

உரிமையை மேலும் உறுதிப்படுத்த விரும்புவோர், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் தாமாக முன்வந்து தம் படைப்பைப் பற்றி அறிவிக்கும் முறை 2012ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற கடமையை வலியுறுத்துகிறது.

இவை அனைத்தும் நன்மையே. ஆயினும், சட்டம் பெரும்பாலும் தவறு நடந்த பிறகே வருகிறது. இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் வகுப்புத் தோழர்மீது வழக்குத் தொடுத்து நீதி பெறுவார் என்று எதிர்பார்ப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவு.

பகிரும் முன்பு செய்ய வேண்டியவை

முதலாவதாக, தேர்ந்தெடுக்கும் செவிகள் சிலவாக இருக்க வேண்டும். மூவர் அல்லது நால்வர் போதும். அவர்களுள் ஒருவர் இசை அறிந்தவராகவும், ஒருவர் மொழி அறிந்தவராகவும், ஒருவர் பாடலைக் கேட்கும் சாதாரண இரசிகராகவும் இருந்தால் மூன்று கோணங்களில் கருத்துக் கிடைக்கும். ஐம்பது பேரிடம் அனுப்பினால் கிடைப்பது பெரும்பாலும் கட்டைவிரல் குறியீடுகள்தாம். திருத்த உதவும் கருத்துகள் அல்ல.

இரண்டாவதாக, கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். “பாட்டு எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், “நன்றாக இருக்கிறது” என்ற விடையே வரும். அதனால் யாருக்கும் பயனில்லை. “சரணத்தின் இரண்டாம் வரி நீளமாகத் தோன்றுகிறதா?”, “பல்லவி மீண்டும் வரும்போது சலிப்புத் தட்டுகிறதா?”, “சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா?” என்பன போன்ற கேள்விகளே செவியைக் கூர்மையாக்குகின்றன. இன்னும் முடிக்கப்படாத பகுதி எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாளம் தற்காலிகமானது என்று தெரிவிக்காவிட்டால், கேட்பவர் தாளத்தைப் பற்றியே பேசி நேரத்தை வீணாக்குவார்.

மூன்றாவதாக, தேவையான அளவு மட்டுமே கொடுக்க வேண்டும். சரணத்தைப் பற்றித்தான் ஐயம் என்றால், முழுப் பாடலையும் அனுப்ப வேண்டியதில்லை. அப்பகுதியில் நாற்பது விநாடி போதும். வெளியீட்டுக்கு உரிய உயர்தரக் கோப்பை அனுப்பாமல், அளவு குறைந்த எம்பி3 வடிவில் அனுப்பலாம். குரல், தாளம், வாத்தியம் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுக்காமல், ஒன்றாகக் கலந்தே கொடுக்க வேண்டும். வாத்தியம் கலவாத தனிக்குரல்தான் பிறர் எளிதாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பகுதியாகும்.

நான்காவதாக, பதிவில் ஓர் அடையாளம் இருப்பது நல்லது. நூலகப் புத்தகத்தில் முத்திரை குத்துவதுபோல, பாடலின் நடுவே “இது மாதிரிப் பதிவு” என்று பாடலாசிரியரின் பெயரோடு மெல்லிய குரலில் சேர்த்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் பிரதியில் அந்த அடையாளத்தை வெவ்வேறு இடத்தில் வைத்தால், கசிவு எந்தப் பிரதியிலிருந்து தொடங்கியது என்பதையும் கண்டறியலாம். கோப்பை நேரடியாக அனுப்புவதற்குப் பதிலாக, கடவுச்சொல் உள்ள இணைப்பை அனுப்பி, பதிவிறக்கத்தைத் தடுத்து, கருத்துக் கிடைத்ததும் இணைப்பை நீக்கிவிடுவதும் நல்ல பழக்கம்.

ஐந்தாவதாக, பாடல் வளர்ந்த தடத்தைப் பாதுகாக்க வேண்டும். முதன்முதலில் முணுமுணுத்துப் பதிவு செய்த குரல், அடித்துத் திருத்திய தாள், செயலியில் உள்ள மூலக் கோப்பு ஆகியவற்றை நாளிட்டுச் சேமித்து வைக்க வேண்டும். பிறர் ஒருவர் அப்பாடல் தமது என்று சொன்னால், அவரிடம் முடிவு மட்டுமே இருக்கும். முடிவுக்கு வந்த வழி இருக்காது.

ஆறாவதாக, கருத்துக் கூறுவதற்கும் சேர்ந்து உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். “இந்த வரி நீளமாக உள்ளது” என்பது கருத்து. அவ்வரிக்குப் பதிலாக நண்பரே நான்கு வரிகளை எழுதிக் கொடுத்து, அவை பாடலில் இடம்பெற்றால், அவரும் பாடலின் பங்காளி ஆகிறார். அவருடைய பெயரும் குறிப்பிடப்பட வேண்டும். யார் எதை எழுதினார் என்பதை ஒரு தாளில் குறித்து இருவரும் கையொப்பமிட்டுக்கொண்டால், பின்னாளில் மனக்கசப்புக்கு இடமிருக்காது.

நண்பர்களிடையே இத்தனை முன்னெச்சரிக்கையா, இது நம்பிக்கையின்மை ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், எல்லை சொல்லப்படாத இடத்தில்தான் நட்பு எளிதாக முறிகிறது. நண்பர் பாடலை வேறொருவருக்கு அனுப்புவதைத் தவறென்றே அறியாமல் இருக்கலாம். பாராட்டும் நோக்கத்தோடுகூட அனுப்பியிருக்கலாம். “இதை உன்னோடு வைத்துக்கொள்” என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவருக்கும் சங்கடம் இல்லை. அனுப்பியவருக்கும் வருத்தம் இல்லை.

கேட்பவரின் கடமை

மேற்கூறிய வழிகள் எல்லாம் பயனுடையவைதாம். எனினும், அவற்றுள் எதுவும் முழுப் பாதுகாப்புத் தராது. பதிவிறக்கத்தைத் தடுத்தாலும், ஒலிக்கும் பாடலை இன்னொரு திறன்பேசியால் பதிவு செய்துவிடலாம். அடையாளக் குரலைச் சேர்த்தாலும், அது இல்லாத பகுதியை வெட்டி எடுத்துவிடலாம். காதால் கேட்கக்கூடிய எதையும் பிரதி எடுக்க முடியும். ஆகையால், பாதிப் பாடலின் உண்மையான காவல் அதைக் கேட்பவரின் நாணயத்தில்தான் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசப்படுவது மிகக் குறைவு. படைப்பவர் எப்படித் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தப்படும் அளவுக்கு, பெற்றுக்கொண்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. வீட்டைப் பூட்டச் சொல்லிக் கொடுக்கும் சமுதாயம், பிறர் வீட்டுக்குள் அழைக்கப்பட்ட விருந்தினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் அல்லவா?

முழுமைபெறாத பாடலைப் பெற்றுக்கொண்டவர், அதை வேறு எவருக்கும் அனுப்பக்கூடாது. உடனிருப்பவருக்குப் போட்டுக் காட்டுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். கருத்தைப் பொதுக் குழுவில் எழுதாமல், படைத்தவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். கருத்துச் சொல்லி முடித்த பிறகு, கோப்பைத் தம் திறன்பேசியிலிருந்து நீக்கிவிட வேண்டும். கேட்ட மெட்டு தம் சொந்தப் பாடலுக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுழைந்துவிட்டதாகத் தோன்றினால் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொரு கடமையும் உண்டு. கேட்பதாக ஒப்புக்கொண்டவர், உண்மையாகக் கேட்க வேண்டும். ஒருவர் தம் குறைகள் வெளிப்படையாகத் தெரியும் நிலையில் பாடலைக் கொடுக்கிறார். அதைப் பேருந்தில் அரைக் காதோடு கேட்டுவிட்டு, “சூப்பர்” என்று ஒரு சொல்லில் விடை அனுப்புவது, அவர் வைத்த நம்பிக்கைக்கு ஈடாகாது. நயமான ஓர் இடத்தையும், திருத்த வேண்டிய ஓர் இடத்தையும் காரணத்தோடு சொன்னால், அதுவே சிறந்த உதவியாகும்.

பள்ளிகளும் இதற்கு வழியமைக்கலாம். தமிழ்மொழிக் கழகமோ இசைக் கழகமோ மாதம் ஒருமுறை ஒரு கேட்பு அமர்வை நடத்தலாம். ஐந்தாறு மாணவர்கள் ஓர் ஆசிரியரோடு வகுப்பறையில் அமர்வர். பாடலை உருவாக்கியவர் தம் திறன்பேசியிலிருந்தே அதை ஒலிக்கச் செய்வார். மற்றவர்கள் தங்கள் திறன்பேசிகளை மேசைமீது கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பர். கோப்பு எவர் கைக்கும் மாறாது. கேட்டு முடிந்ததும், ஒவ்வொருவரும் தாளில் தம் கருத்தை எழுதிப் படைத்தவரிடம் கொடுப்பர். இதற்குச் செலவு எதுவும் இல்லை. புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. பாதுகாப்பும் கருத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அப்படிப்பட்ட அறையில் நான்கு முறை அமர்ந்து பழகிய மாணவர், பிறர் பாடலை எப்படிக் காக்க வேண்டும் என்பதைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை. தம் பாடலும் ஒருநாள் அதே மேசைமீது ஒலிக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். எவரிடமும் காட்டாமல் பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கும் கூச்சமுள்ள மாணவரும், அந்த அறைக்குத் தம் பாதிப் பாடலைத் துணிந்து கொண்டுவருவார்.